பாடமும் பயிற்சியும்: தமிழ்த் தாத்தாவின் வாழ்வில் ஒரு பகுதி



என் வகுப்புத் தோழன் ஒருவன் திண்டிவனத்திலிருந்து நாள்தோறும் ரயிலில் விழுப்புரம் வந்து படிக்கிறான். சனிக்கிழமை தோறும் விழுப்புரத்தில் ஓர் ஆசிரியரிடம் பியானோ கற்கிறான். வீட்டில் பழகுவதற்கு அவனிடம் உள்ளது சிறிய கீபோர்டு ஒன்றுதான். திங்கள் முதல் வியாழன் வரை அதைத் தொடுவதில்லை. வெள்ளிக்கிழமை இரவு மூன்று மணி நேரம் விரல் நோக வாசித்துவிட்டு மறுநாள் பாடத்துக்குப் போவான். ஆசிரியர் சென்ற வாரப் பாடத்தையே மீண்டும் கொடுத்து அனுப்புவார். இப்படி இரண்டு மாதங்கள் கழிந்தன. பருவத் தேர்வும் நெருங்கியது. பியானோவை விட்டுவிடலாமா, அல்லது தேர்வு எப்படியும் போகட்டும் என்று இருந்துவிடலாமா என்று ஒரு நாள் மாலை ரயில் நிலையத்தில் அவன் என்னைக் கேட்டான்.

எனக்கு இசை தெரியாது. ஆனால் இதே கேள்வி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞரின் முன் நின்றது என்பது தெரியும். அந்த ஊருக்கு நம் விழுப்புரத்திலிருந்தே ரயில் ஏறலாம். பண்ருட்டி, கடலூர், சிதம்பரம், சீர்காழி ஆகியவற்றைக் கடந்தால் மயிலாடுதுறை. அன்று அதன் பெயர் மாயூரம். அந்த இளைஞர்தாம் பின்னாளில் தமிழ்த் தாத்தா என்று நாடு போற்றிய டாக்டர் உ. வே. சாமிநாதையர். ஏடு தேடிய பெரியவராகவே அவரை நாம் அறிவோம். பாடத்துக்கும் பயிற்சிக்கும் இடையே திண்டாடிய பதினாறு வயதுப் பிள்ளையாக அவரைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இசை வீட்டுப் பிள்ளை

கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரம் அவருடைய சொந்த ஊர். 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள், தாயாரின் ஊராகிய சூரியமூலையில் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். உடையார்பாளையம் சமஸ்தானத்தில் புகழுடன் விளங்கிய கனம் கிருஷ்ணையரிடம் இசை கற்றவர். ஊர் ஊராகச் சென்று இராமாயணக் கதையைப் பாட்டுடன் சொல்லி, கிடைப்பதைக் கொண்டு குடும்பத்தை நடத்தியவர்.

இசைவாணர் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு முதலில் கிடைப்பது எது? இசைதானே! சாமிநாதனுக்கும் தந்தையே இசையாசிரியர். ஆனால் அவருடைய உள்ளம் தமிழ்ப் பாட்டின் பொருளில் தோய்ந்தது. அரியலூர்ச் சடகோபையங்கார் அந்தச் சுவையை ஊட்டியவர். பிறகு குன்னம், கார்குடி, செங்கணம் என்று தந்தையார் குடியேறிய இடங்களிலெல்லாம் தமிழ் சொல்லிக் கொடுப்பார் யாரேனும் உண்டா என்று தேடுவதே பிள்ளையின் வேலையாயிற்று. செங்கணம் விருத்தாசல ரெட்டியார் யாப்பிலக்கணம் கற்பித்தார். எனினும் இவ்வாசிரியர்களுக்கெல்லாம் வேறு வேலைகள் இருந்தன. பாடம் விட்டு விட்டு நடந்தது. பசி தீர உண்ணக் கிடைக்காதவன் நிலையில் இருந்தார் அவர்.

வறுமை ஒரு பக்கம். ஊர் மாற்றம் மறு பக்கம். இந்த நிலையில்தான் மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டார். படித்தால் அவரிடமே படிக்க வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது. தம் மகன் இசையில் சிறக்க வேண்டும் என்ற ஆசை தந்தையின் உள்ளத்தில் இருந்தாலும், மகனின் வேட்கையை அவர் தடுக்கவில்லை. தாமே அழைத்துக்கொண்டு மாயூரம் புறப்பட்டார். அது 1871ஆம் ஆண்டு.

தளிர் தேடிய காலைப்பொழுது

பிள்ளையவர்கள் முதலில் உடனே இசைந்துவிடவில்லை. அவரிடம் பாடம் கேட்க வருவோர் பலர். சில காலம் இருந்துவிட்டு இடையில் போய்விடுவோரும் பலர். அந்த அனுபவம் அவரைத் தயங்கச் செய்தது. மகன் நிலைத்துப் படிப்பான் என்று தந்தையார் உறுதி கூறிய பிறகே இடம் கிடைத்தது. ஆசிரியரின் இந்தத் தயக்கத்தை நாம் மறந்துவிடக் கூடாது. கற்க வருகின்றவனிடம் எந்த ஆசிரியரும் முதலில் தேடுவது நிலைத்திருக்கும் குணத்தையே.

இடம் கிடைத்தும் பாடம் எளிதில் கிடைத்துவிடவில்லை. தொடக்கத்தில் மூத்த மாணவர் ஒருவரிடம் படிக்குமாறு விடப்பட்டார். பிள்ளையவர்களோ புராணங்கள் பாடுவதிலும், தம்மைக் காண வருவோரோடு பேசுவதிலும் பொழுதெல்லாம் ஈடுபட்டிருப்பவர். அவரிடமே நேரில் கேட்க வேண்டும் என்ற ஆவல் மாணவருக்கு. எப்படிக் கேட்பது? அச்சம் நாவைக் கட்டியது.

பிள்ளையவர்கள் தம் வீட்டின் பின்புறத்தில் மரங்கள் வைத்திருந்தார். விடியற்காலையில் அங்கே போய், புதிதாக நட்டவை தளிர் விட்டிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது அவருக்கு வழக்கம். ஒரு தளிரைக் கண்டால் குழந்தையைக் கண்டதுபோல மகிழ்வார். இதைக் கவனித்த சாமிநாதன் அவருக்கு முன்பே எழுந்து தோட்டத்துக்குப் போனார். எங்கே தளிர் அரும்பியிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டார். ஆசிரியர் வந்ததும் அவற்றைச் சுட்டிக் காட்டினார். ஆசிரியருக்கு மகிழ்ச்சி பொங்கியது. நாள்தோறும் இது நடந்தது. அந்தக் காலைப்பொழுதுகளில் ஆசிரியரின் அன்பும் தளிர்த்தது. தாமே பாடம் சொல்லும் காலமும் வந்தது.

இதைச் சிறு தந்திரம் என்று சொல்லிச் சிரித்துவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பாடம் தொடங்குவதற்கு முன்னுள்ள நேரத்தை அவர் வீணாக்காமல் ஆசிரியரின் நாளை அறிந்துகொண்டார். ஆசிரியர் மனம் எப்போது மலர்ந்திருக்கும், எப்போது வேலையில் ஆழ்ந்திருக்கும் என்று தெரிந்து, தம் நாளை அதற்கேற்ப அமைத்தார்.

பாடம் தொடங்கிய பின் அது மழையாகப் பொழிந்தது. முன்பு ஒரு நாளைக்குச் சில செய்யுட்களே கேட்டவர், இப்போது அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று நூல் நூலாகக் கேட்டார். பிள்ளையவர்கள் புதிதாகச் செய்யுள் இயற்றிச் சொல்ல, மாணவர்கள் ஏட்டில் எழுதுவார்கள். அந்த எழுத்தும் ஒரு பயிற்சியே. கையெழுதும்போதே செய்யுளின் நடை காதில் ஏறிவிடும். பாடம் வேறு, பயிற்சி வேறு என்று பிரிக்க முடியாத நிலை அது.

இரண்டு ஆசிரியர்கள்

இனித்தான் சிக்கல் வருகிறது.

அக்காலத்தில் மாயூரத்தில் மற்றொரு பெரியவரும் இருந்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார். கனம் கிருஷ்ணையரை அறிந்தவர் என்ற முறையில் வேங்கடசுப்பையருக்கு அவரிடம் பழக்கம் உண்டு. தமிழுக்கு மகனைப் பிள்ளையவர்களிடம் ஒப்படைத்த தந்தையார், இசைக்குப் பாரதியாரிடம் ஒப்படைத்தார். வீட்டில் தொடங்கிய இசைப்பயிற்சி விட்டுப் போகக் கூடாது என்பது அவர் எண்ணம். மகனும் உடன்பட்டார். தமிழ்ப் பாடம் இல்லாத நேரங்களில் பாரதியாரிடம் சென்று கீர்த்தனைகள் கற்றுப் பழகி வந்தார்.

ஒரே ஊரில் இரு பெரும் ஆசிரியர்கள்! எவருக்குக் கிடைக்கும் இந்தப் பேறு? ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. இசை கற்பதைச் சாமிநாதன் பிள்ளையவர்களிடம் சொல்லவில்லை.

பிள்ளையவர்களுக்கு இசையில் அவ்வளவு நாட்டம் இல்லை. முன்பு பாரதியார் தம் நந்தனார் கீர்த்தனைக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டி அவரிடம் பல முறை வந்திருக்கிறார். அந்நூலில் இலக்கணப் பிழைகள் உண்டென்று எண்ணிய பிள்ளையவர்கள் நாள் கடத்தினார். ஒரு நாள் அவர் உள்ளே படுத்திருந்தபோது, திண்ணையில் காத்திருந்த பாரதியார் தம் பாட்டில் ஒன்றைத் தம்மை மறந்து பாடினார். அந்த உருக்கம் உள்ளே இருந்தவரின் நெஞ்சைக் கரைத்தது. எழுந்து வந்து பாயிரம் பாடிக் கொடுத்தார். இலக்கணத்தால் திறக்காத கதவை இசை திறந்த நிகழ்ச்சி இது. என்றாலும் தம் மாணவன் இசையின் பின் போவதை அவர் விரும்பக் கூடியவர் அல்லர்.

ஒரு முறை பாரதியாரும் பிள்ளையவர்களும் சந்தித்தபோது, சாமிநாதன் தம்மிடம் கற்று வருவதைப் பாரதியார் இயல்பாகக் கூறிவிட்டார். பிள்ளையவர்களுக்கு அது புதிய செய்தி. அவர் சினந்து பேசவில்லை. இசையில் மனம் சென்றால் இலக்கண இலக்கியங்களில் அறிவு ஆழமாகச் செல்லாது என்ற தம் கருத்தை மாணவரிடம் தெரிவித்தார். அவ்வளவே.

அன்றே இசைப்பாடம் நின்றது. தந்தையார் தொடங்கி வைத்தது; குடும்பத்தின் சொத்து; புகழ்பெற்ற ஆசிரியர் மனமுவந்து கற்பித்தது. அத்தனையும் இருந்தும் நிறுத்திவிட்டார். தமிழா இசையா என்று நெஞ்சு கேட்டபோது தமிழ் என்று அது விடை சொல்லியது.

நிறுத்தியது சரியா?

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். இசை கற்றால் படிப்புக் கெடும் என்பது பொது விதியா? அப்படி நான் சொல்லமாட்டேன். தமிழும் இசையும் பகையல்ல. இயல், இசை, நாடகம் என்று மூன்றாகவே தமிழை எண்ணியவர்கள் நாம். பிள்ளையவர்களின் கருத்தை இன்று எல்லோரும் ஏற்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த இளைஞரின் நிலையை எண்ணிப் பாருங்கள். கையில் பொருள் இல்லை. உணவுக்கு வேறிடத்தில் ஏற்பாடு. ஆசிரியரோ எப்போது பாடம் சொல்வார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதவர். அவர் அழைக்கும் நேரத்தில் அருகில் இருக்க வேண்டும். இந்நிலையில் இரண்டு கலைகளையும் ஒரே ஆழத்தில் பயில அவருக்கு நேரம் ஏது? ஒன்றை முதலாவதாக வைத்தே தீர வேண்டியிருந்தது. அவர் வைத்தார். வைத்த பின் தடுமாறவில்லை.

நான் குறையாகக் காண்பது ஒன்றே. இசைப் பயிற்சியைப் பற்றி அவர் தம் ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம். பிறர் வாயால் அறியும்படி விட்டது ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒருங்கே சங்கடத்தைத் தந்தது. இதை நமக்கு மறைக்காமல் சொன்னவரும் அவரே. தம் வாழ்க்கை வரலாற்றில் தம் பிழைகளையும் எழுதி வைத்த பெருமை அவருக்கு உண்டு.

இடையில் வந்த தடைகள்

பிள்ளையவர்களோடு திருவாவடுதுறைக்குச் சென்றபோது ஆதீனத் தலைவர் மேலகரம் சுப்பிரமணிய தேசிகரின் பார்வை இவர்மேல் விழுந்தது. தேசிகர் தமிழோடு இசையையும் நன்கு சுவைப்பவர். செய்யுட்களைச் சொல்லுமாறு அவர் கேட்க, சாமிநாதன் அவற்றை இராகத்துடன் படித்தார். தேசிகர் மகிழ்ந்தார். கனம் கிருஷ்ணையரின் மாணவருடைய மகன் என்று அறிந்ததும் அம்மகிழ்ச்சி பெருகியது. மாயூரத்தில் நிறுத்தப்பட்ட இசை ஆவடுதுறையில் தமிழுக்குத் துணையாக நின்றது! இதைக் கண்ட பிள்ளையவர்களும் வருந்தவில்லை.

படிப்பு ஒழுங்காக ஓடியதா? இல்லை. நடுவில் அம்மை நோய் கண்டு சூரியமூலைக்குப் போக நேர்ந்தது. பின்னர்க் குடும்பக் கடன் நெருக்கியது. காரை என்னும் ஊரில் திருவிளையாடற் புராணப் பிரசங்கம் செய்து பொருள் ஈட்ட வேண்டியதாயிற்று. பாடம் நின்றது, ஆனால் பயிற்சி நிற்கவில்லை. ஊரார் நடுவே நாள்தோறும் புராணத்தைப் பாடிப் பொருள் சொல்வதைவிடச் சிறந்த பயிற்சி எது? ஆசிரியரிடம் கேட்டதைத் தாமே சொல்லிப் பார்த்தபோதுதான் எது தெளிந்தது, எது தெளியவில்லை என்று தெரிந்திருக்கும். கடன் தொல்லை நீங்கியதும் மீண்டும் ஆசிரியரிடம் ஓடினார். இடையில் போய்விடுவோரைப் பற்றி ஆசிரியர் முதல் நாள் கொண்ட ஐயத்துக்கு அவர் தந்த விடை அது.

1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் மறைந்தார். அவ்வேளையில் அருகிருந்து திருவாசகம் படித்தவர் சாமிநாதையரே. ஏறத்தாழ ஐந்து ஆண்டுக் கல்வி முடிந்தது.

ஆசிரியர் இல்லாத பாடம்

அதன்பின் சுப்பிரமணிய தேசிகரிடம் பயின்றும், மடத்தில் மாணவர்க்குப் பாடம் சொல்லியும் வந்தார். 1880இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தியாகராச செட்டியார் வகித்த தமிழாசிரியர் பதவி இவருக்குக் கிடைத்தது. நம்மைப் போன்ற அரசினர் கல்லூரி மாணவர்களுக்கே அவர் வகுப்பு எடுத்தார் என்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அவர் வாழ்வின் திருப்பம். அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் கோவைகளும் வரிசையாக வந்தன. முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என்று கேட்டார். இவர் படித்ததில்லை.

இருபத்தைந்து வயதில், கல்லூரி ஆசிரியராகிவிட்ட பின், மீண்டும் மாணவரானார். இம்முறை சொல்லிக் கொடுக்க ஆசிரியர் இல்லை. சிந்தாமணி சமண நூல். சமணர் கொள்கை தெரியாமல் அது விளங்காது. நம் மாவட்டத்து மேல்சித்தாமூரில் மடம் கொண்டிருக்கும் தமிழ்ச் சமண மரபினர் கும்பகோணத்திலும் வாழ்ந்தனர். சாமிநாதையர் அவர்களைத் தேடிச் சென்று ஐயங்களைக் கேட்டார். பகலில் கல்லூரி, மற்ற நேரமெல்லாம் ஏடு. ஓர் ஏட்டை மற்றோர் ஏட்டுடன் ஒப்பிட்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தார். 1887இல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. ஏழு ஆண்டு உழைப்பு! தொடர்ந்து 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

1903 முதல் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றினார். 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் பெற்றார். குறுந்தொகைப் பதிப்பு வெளிவந்த 1937இல் அவருக்கு வயது எண்பத்திரண்டு. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் இயற்கை எய்தினார்.

திரும்பி வந்த இசை

மாயூரத்தில் விட்ட இசை என்னவாயிற்று? வீணாயிற்றா? இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் அதன் உரையும் இசைச் செய்திகள் நிறைந்தவை. இசை வீட்டில் பிறந்து வளர்ந்தவர் கையில் அந்நூல் சேர்ந்தது தமிழின் நற்பேறு. முதுமையில் அவர் கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகாவைத்தியநாதையர் ஆகிய மூன்று இசைப் பெரியோரின் வரலாறுகளை எழுதினார். ஒருவர் தந்தையின் ஆசிரியர். மற்றொருவர், தாம் பாதியில் விட்டுப் பிரிந்த தம் ஆசிரியர். அந்தப் பாரதியாரின் வாழ்க்கையை இன்று நாம் அறிவதற்கு அந்த மாணவரே பெரிதும் காரணம். பாடத்தை முடிக்காத மாணவன் செலுத்திய காணிக்கையாகவே அந்நூல் எனக்குத் தோன்றுகிறது.

தோழனுக்குச் சொன்னது

இந்த வரலாற்றையே அன்று ரயில் வரும் வரை என் தோழனுக்குச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பிறகு நாங்கள் இருவரும் கணக்குப் பார்த்தோம். சனிக்கிழமைப் பாடம் ஆசிரியருக்கு உரியது. மற்ற ஆறு நாட்களே அவனுக்கு உரியவை. பாடம் கேட்ட அன்றிரவே, நினைவு மறையுமுன், அரை மணி நேரம் அதைத் திருப்பிப் பார்ப்பது. மற்ற நாட்களில் காலையில் அரை மணி; அதிலும் தெரிந்த பகுதியை வாசித்து மகிழாமல், இடறும் இடத்தை முதலில் எடுத்து ஒவ்வொரு கையாக மெதுவாகப் பழகுவது. ரயிலில் கீபோர்டு இல்லாவிட்டால் என்ன? திண்டிவனம் தொடங்கி விழுப்புரம் வரை ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். இசைக்குறிப்பைக் கண்ணால் படித்து மடியில் விரல் போட்டுப் பார்க்கலாம். வெள்ளி இரவு மூன்று மணி நேரப் போரை அடியோடு விட்டுவிடுவது.

எல்லாவற்றுக்கும் மேலாக, தேர்வு வருகிறது என்பதைப் பியானோ ஆசிரியரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது. மாயூரத்தில் சாமிநாதன் செய்யத் தவறியது அது ஒன்றுதான். என் தோழன் செய்தான். ஆசிரியர் கோபிக்கவில்லை, தேர்வு முடியும் வரை சிறு பாடங்களாகக் கொடுக்க ஒப்புக்கொண்டார்.

அவன் பியானோவை விடவும் இல்லை. தேர்வைக் கைவிடவும் இல்லை. எதை முதலாவதாக வைப்பது என்பதை மட்டும் தீர்மானித்தான். இவ்வாண்டு தேர்வு முதலில், பியானோ அடுத்து. நாளை இது மாறலாம். ஒருவேளை ஒன்றை நிறுத்த நேர்ந்தாலும் அதற்காக வருந்த வேண்டியதில்லை. உண்மையாகப் பயின்ற கலை நம்மைவிட்டு முற்றும் போய்விடுவதில்லை. மாயூரத்துத் தோட்டத்தில் விடியலுக்கு முன் எழுந்து தளிர் தேடிய அந்த இளைஞரின் வாழ்வு இதற்குச் சான்று.

நம் நாட்களிலும் தளிர்கள் உண்டு. சற்று முன்னதாக எழுந்து தேடுவோம்.

வளர்க தமிழ்! வாழ்க கலை!